குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? மருந்துக்கு முன் நாடியை எண்ணுங்கள்

கேள்வி: ஒன்பது வயதுக் கத்தியவாரிப் பெண் குதிரை. இரவு வைக்கோலும் கொள்ளும் தின்றது. காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. முன்காலால் தரையைக் கீறுகிறது, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது. மூத்திரம் பெய்வதுபோல் கால்களை அகட்டி நிற்கிறது, ஆனால் மூத்திரம் வரவில்லை. அக்கம்பக்கத்தார் நீர்க்கட்டு என்கிறார்கள். பெருங்காயம், இஞ்சி, விளக்கெண்ணெய் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? பொதுவாகக் குதிரைக்கு என்ன நோய் என்று எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

ஊற்றாதீர்கள். பெருங்காயத்திலும் இஞ்சியிலும் குற்றமில்லை, ஊற்றும் முறையில்தான் ஆபத்து. தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றும்போது, வலியில் இருக்கும் குதிரை சரியாக விழுங்காது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றுவலி அன்று மாலையே தீர்ந்து, நான்காம் நாள் நிமோனியாவில் குதிரை சாவது இப்படித்தான். மாட்டுக்குப் பழகிய கை குதிரைக்கு உதவாது.

நீர்க்கட்டும் பெரும்பாலும் தவறான கணிப்பு. வயிறு வலிக்கும் குதிரை உடலை நீட்டி, கால்களை அகட்டி நிற்கும். குடல் இழுபடும் வலியைக் குறைக்க அது கண்டுபிடிக்கும் நிலை அது. அதைப் பார்த்து மூத்திரம் போக மருந்து கொடுத்தால், ஏற்கெனவே தண்ணீர் குடிக்காத குதிரையின் உடம்பு இன்னும் வற்றும், குடலில் அடைத்திருக்கும் தீனி மேலும் இறுகும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் சேர்ந்து காட்டுவது வயிற்றுச்சூலை, டாக்டர்கள் மொழியில் காலிக்.

காலிக் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, வயிற்றில் வலி என்பது மட்டுமே. தானாகப் போய்விடும் வாயுவும் காலிக், ஆறு மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் குடல் முறுக்கும் காலிக். இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரியும். பிரித்துக் காட்டுவது எண்கள்தான். அதனால் டாக்டருக்குப் போன் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

முதலில் நாடி. தாடை எலும்பின் கீழ் ஓரத்தில், கன்னத்துப் பெரிய தசை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், விரலுக்கடியில் கயிறுபோல் உருளும் ரத்தக்குழாய் இருக்கும். அதை எலும்போடு சேர்த்து மெதுவாக அழுத்தி 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைக்கலாம். ஆனால் 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. தனித்தனியாக எண்ணி 80 என்று பதறுபவர்கள் உண்டு. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 48-ஐத் தாண்டி அரை மணி நேரமாகியும் இறங்காவிட்டால் டாக்டர் வரவேண்டும். 60-க்கு மேல் என்றால் அவசரம். 80-க்கு மேல் என்றால் பெரும்பாலும் குடலில் ரத்த ஓட்டம் கெட்டிருக்கிறது. வலி ஊசி போட்ட பிறகு எண்ணினால் இந்தக் கணக்கு உதவாது. குடல் இழுப்பைத் தளர்த்தப் போடும் ஹயோசின் ஊசி தானே நாடியை ஏற்றிவிடும். எனவே ஊசிக்கு முன் எண்ணியது எத்தனை என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறமும் ஈரமும் இருந்தால் நல்லது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஒட்டும் ஈறு நீர் வற்றியதைக் காட்டும். செங்கல் நிறமோ, பல்லை ஒட்டி ஊதாக் கோடோ தெரிந்தால் குடல் நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். பிறகு காய்ச்சல் பாருங்கள். பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் தொடையை ஒட்டி நின்று, நூல் கட்டிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் வையுங்கள். 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 99 முதல் 101 பாரன்ஹீட் வரை சாதாரணம். வலியோடு 39-க்கு மேல் காய்ச்சலும் இருந்தால் அது வெறும் அடைப்பாக இருக்காது, குடல் அழற்சியையோ நெஞ்சு நோயையோ தேட வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16.

கடைசியாகக் குடல் ஓசை. இரண்டு விலாப் பள்ளங்களிலும் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என மொத்தம் நான்கு இடங்களில் காதை வைத்தோ ஸ்டெதஸ்கோப் வைத்தோ ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமாவது கேளுங்கள். குடகுடவென்று ஓயாமல் ஓடினால் வாயு அல்லது இழுப்பு, பெரும்பாலும் கேடில்லை. நான்கிலும் நிசப்தம் என்றால் கவலைப்பட வேண்டியதுதான். லத்தி எப்போது போட்டது, எத்தனை உருண்டை, வறண்டு சளிபோல் வழவழப்புப் பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல குதிரை நாளுக்கு 8 முதல் 12 முறை போடும். காலையில் ஒருமுறை லத்தி போட்டுவிட்டது, அடைப்பில்லை என்று தேறிக்கொள்ளாதீர்கள். அடைப்புக்குக் கீழே இருந்தது வெளியேறியிருக்கலாம்.

போனில் டாக்டரிடம் 'குதிரை உருளுது, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொல்லாமல், 'நாடி 52, ஈறு ஒட்டுது, காய்ச்சல் இல்லை, வலது மேல் பக்கம் ஓசையே இல்லை, லத்தி நேற்று ராத்திரி, 350 கிலோ இருக்கும்' என்று சொல்லுங்கள். அவர் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். எடைக்குத் தராசு தேவையில்லை. முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 என்று போட்டால் கிலோ வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் 344 கிலோ. உள்ளூரில் டாக்டர் கிடைக்காவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சை வரை போகுமோ என்று தோன்றினால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது அருகில் என்று பார்த்து, வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

டாக்டர் வரும்வரை தீனித் தொட்டியை அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் இருக்கட்டும். படுத்து அமைதியாக இருந்தால் படுக்க விடுங்கள். உருள முயன்றால், சுவரில் கால் மாட்டிக்கொள்ளாத திறந்த இடத்தில் 10, 15 நிமிடம் நடத்தி, நிறுத்தி, மறுபடி நாடி பாருங்கள். உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் மூன்று மணி நேரம் விடாமல் இழுத்துக்கொண்டு நடப்பது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. குதிரை சோர்ந்துபோவதுதான் மிச்சம். கட்டுப்படுத்த முடியாமல் தரையில் மோதி உருளும் குதிரையின் பக்கத்தில் போகாதீர்கள். கையை உள்ளே விட்டு லத்தியை எடுக்க முயல்வதும் கூடாது. குதிரையின் மலக்குடல் சுவர் மாட்டுக்கு இருப்பதுபோல் தாங்காது, கிழிந்தால் பிழைப்பது அரிது.

வலி ஊசி விஷயத்தில் கறாராக இருங்கள். ஃப்ளுனிக்சின் நல்ல மருந்து. கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், 350 கிலோவுக்கு 385 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள பாட்டிலில் 7.7 மில்லி, நரம்பில் போட வேண்டியது. சதையில் போட்டால் கிருமி பிடித்துத் தசை அழுகி உயிருக்கே உலை வைக்கலாம். பழகாத கை கழுத்து நரம்பில் குத்தினால் அடியில் ஓடும் தமனியில் ஏறி, குதிரை அங்கேயே வலிப்பு வந்து விழலாம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரத்தில் வலி திரும்புகிறது என்றால் குதிரை அறுவை சிகிச்சைக்குரியது என்று அந்த ஊசியே சொல்கிறது. இரண்டாவது ஊசி போட்டு அந்தச் செய்தியை அமுக்கிவிட்டால், தெரியவரும்போது குடல் செத்திருக்கும். டைக்ளோஃபெனாக் பாட்டிலைத் தொடவே வேண்டாம், பிணம் தின்னும் கழுகுகளை அழித்ததால் 2006 முதல் கால்நடைகளுக்கு அது தடை.

டாக்டர் முதலில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடுவார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயிலில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கம். சிறுகுடல் அடைத்தால் திரவம் பின்னோக்கி ஏறி, 8 முதல் 15 லிட்டர் மட்டுமே பிடிக்கும் இரைப்பை வீங்கி வெடிக்கும். குழாயில் 2 லிட்டருக்கு மேல் திரும்பி வந்தால் சிறுகுடலில் கோளாறு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது எண்ணெயும் கொடுக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. எதுவும் திரும்பி வராமல் பெருங்குடலின் இடப்பக்க வளைவில் தீனி கெட்டிப்பட்டிருந்தால்தான் அந்தக் குழாய் வழியாகவே திரவ பாரஃபின் 2 முதல் 3 லிட்டர், அல்லது கிலோவுக்கு அரை முதல் 1 கிராம் எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார். ஒன்றை மறக்காதீர்கள்: கடுமையாக வலித்த குதிரை திடீரென அமைதியாகி, நாடி ஏறி, சில்லென்று வியர்த்து நின்றால் குணமாகிவிட்டது என்று கொண்டாட வேண்டாம். குடலோ இரைப்பையோ வெடித்தபோதும் அப்படித்தான் வலி நிற்கும்.

உங்கள் குதிரைக்கு வைக்கோல்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. நெல் வைக்கோல் மாட்டின் நான்கு அறை வயிற்றுக்கு ஏற்றது. குதிரைக்கு அது சத்தில்லாத, செரிக்காத நார். தண்ணீர் குறைந்தால் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 7 கிலோ காய்ந்த தீவனம், அல்லது அதற்கு ஈடான பசும்புல் வேண்டும். அருகம்புல்லோ நல்ல காய்ந்த புல்லோ அதில் பெரும்பங்கு இருக்கட்டும். தண்ணீர் 20, 25 லிட்டர், வெயிலில் வேலை செய்தால் இரட்டிப்பு. நாளுக்கு 30 கிராம் கல்லுப்பு கொடுத்தால் தானாகக் குடிக்கும். நிலக்கடலைக் கொடி போடுபவர்கள் வேர்மண்ணை உதறிவிட்டுப் போடுங்கள். ஆறு லத்தி உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணி விட்டால் அடியில் மணல் படிகிறதா என்று தெரியும். ஒரு தேக்கரண்டி அளவு படிந்தாலே குடலில் மணல் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். திறக்கிறதே என்று ஒரே வேளையில் கொட்டக் கூடாது. தானியம் எல்லாம் சேர்த்து வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம், கொள்ளை ஊறவைத்து அல்லது வேகவைத்துக் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல் மெதுவாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்தில் கோ-4 கம்பு நேப்பியர் இருக்கிறது, மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போட்டு, மேலே இரண்டு கிலோ கோதுமைத் தவிடும் கொடுக்கிறார்கள். நேப்பியரில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரண்டு கிலோ தவிட்டில் 20 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ், கால்சியம் 3 கிராம்கூடத் தேறாது. இந்த எடையுள்ள குதிரைக்கு நாளுக்குத் தேவை கால்சியம் 14 கிராம், பாஸ்பரஸ் 10 கிராம். பற்றாக்குறையை உடல் எலும்பிலிருந்து எடுக்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டும், எடுத்துவைக்கும் அடி குறுகும், பல் ஆடும், பிறகு மூக்கின் இருபக்கமும் முக எலும்பு புடைக்கும். ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எலும்பைக் கரைத்துத்தான் அந்த அளவைக் காக்கிறது. தவிட்டை அரைக் கிலோவுக்குள் குறையுங்கள், நேப்பியரைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள், தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் தூளை அளவு கேட்டுக் கலந்து கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், வாயும் குடலும் வெந்துவிடும்.

கோழித் தீவனத்தைக் குதிரைக்கு ஒருநாளும் போடாதீர்கள். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையைக் கொல்லும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது.

நொண்டலுக்கு வருவோம். நேற்றுவரை நன்றாக இருந்த குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்றால், எலும்பு முறிவு என்று அலறுவதற்கு முன் குளம்பைப் பாருங்கள். லாட ஆணி சதைக்கு அருகே ஏறியதோ, முள்ளோ கல்லோ குத்திச் சீழ் கட்டியதோதான் பெரும்பாலும் காரணம். குளம்புக்கு மேலே உருண்டையாகத் தெரியும் பந்துமூட்டின் பின்புறம் இருபக்கமும் ரத்தக்குழாய் ஓடுகிறது. சாதாரணமாக அங்கே துடிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளம்பில் அழற்சி இருந்தால் விரலை வைத்தவுடனே தட்டும். ஒரு காலில் மட்டும் தட்டினால் சீழ் என்று நினையுங்கள். லாடத்தைக் கழற்றி, சீழை வெளியேற்றும் ஓட்டையை டாக்டரோ தேர்ந்த லாடக்காரரோ போடட்டும். பிறகு நாளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் காலை ஊறவைத்து, காயவைத்துக் கட்டுங்கள். கூடவே டெட்டனஸ் ஊசி. வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் கிருமிக்கு மிக எளிதில் மடிவது குதிரைதான். நாலு வாரத்தில் இரண்டு தடுப்பூசி, பிறகு வருடம் ஒன்று என்று போட்டு வைத்திருந்தால் பயமில்லை. காது விறைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைத் திரை குறுக்கே பாய்ந்தால் நோய் வந்துவிட்டது.

இரண்டு முன்கால்களிலும் தட்டினால் கதை வேறு. குதிரை பின்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து, முன்கால்களை முன்னே நீட்டி, குதிகாலில் பாரம் போட்டு நிற்கும். இது குளம்புக்குள் எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைக்கும் மடிப்புகள் வெந்து பிரியும் நோய், லாமினைடிஸ். இதற்கு நடை கூடாது, ஒரு அடிகூட. அவிழ்த்துக்கொண்டு போய் மூட்டையில் கொள்ளோ தவிடோ தின்றுவிட்டது தெரிந்தால், நொண்டும்வரை காத்திருக்காமல் உடனே நான்கு கால்களையும் முழங்காலுக்குக் கீழ் பாதி உயரம் வரை ஐஸ் கலந்த தண்ணீரில் நிறுத்துங்கள். 48 முதல் 72 மணி நேரம் விடாமல் வைக்க வேண்டும், அரை மணி வைத்து எடுப்பதில் பயனில்லை. காலிக் வந்து தேறிய குதிரைக்கும் மூன்று நாள் காலை, மாலை அந்தத் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள்.

நடத்தவே கூடாத இன்னொன்று: இரண்டு நாள் கட்டிவைத்து முழுத் தானியமும் கொடுத்த குதிரையை மூன்றாம் நாள் ரேக்ளாவுக்குப் பூட்டினால், சிறிது தூரத்தில் தொடையும் பிட்டமும் கல்லாகி, வியர்த்து நின்றுவிடும். இதையும் காலிக் என்று நினைத்து நடத்துகிறார்கள். மூத்திரம் காப்பி நிறத்தில் வந்தால் தசை உடைந்து சிறுநீரகத்தில் இறங்குகிறது. நிற்கும் இடத்திலேயே பூட்டவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, டாக்டரை அங்கேயே வரவழையுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதிக்குக் கீழே குறைத்தால் இது வருவது பெரிதும் குறையும்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நன்றாகத் தின்றும் இளைப்பு, வயிற்றடியிலும் காலிலும் நீர்வீக்கம், பின்கால் தள்ளாட்டம் என்று இருந்தால் சர்ராவாக இருக்கலாம். கடிக்கும் பெரிய ஈக்கள் ரத்தத்தோடு கொண்டுவரும் ஒட்டுண்ணி இது. கிரிஃபித் எவான்ஸ் 1880-இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் கண்டுபிடித்தது. காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் கண்ணாடித் தகட்டில் தெரியும், இறங்கிய பிறகு எடுத்து 'ஒன்றுமில்லை' என்று முடிவு வந்தால் அதை நம்ப வேண்டாம். குதிரைக்குக் க்வினாபிரமின் ஊசி. மாட்டுக்குப் போடும் டிமினசினைக் குதிரைக்குக் கையாளும்போது நோயைத் தீர்க்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதேபோல் மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியையும் குதிரைக்குக் குத்தாதீர்கள். குதிரைக்கு வாயில் தடவும் பசையாகக் கிடைக்கிறது, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்.

அந்தியூர் ஆடிச் சந்தையிலோ வேறெங்கோ புதிதாகக் குதிரை வாங்கினால், லாரியில் தலையை உயர்த்திக் கட்டி இரவெல்லாம் கொண்டுவராதீர்கள். தலையைக் கீழே இறக்க முடியாத குதிரையின் மூச்சுக்குழாயில் சளி தேங்கி, இரண்டு மூன்று நாளில் நெஞ்சில் சீழ் வைக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, தலையைத் தாழ்த்தித் தண்ணீரும் புல்லும் கொடுங்கள். வந்ததும் மூன்று நான்கு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் வைத்து, தினம் காய்ச்சல் பாருங்கள். மூக்கில் ஒட்டும் சீழும், மூக்கினுள் புண்ணும், கால் தோலில் வரிசையாகக் கட்டிகளும் கண்டால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிளாண்டர்ஸாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும். சட்டப்படி கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது, ரத்தம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை போய்ச் சோதிக்கப்படும். முடிவு வரும்வரை அந்தக் குதிரைக்குத் தனி வாளி, தனித் தொட்டி, தனிக் கடிவாளம்.